வயர்லெஸ்காரன் வீட்டு வைஃபை

நான் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லத்தி தூக்கியதைவிட சாலிடரிங் அயர்ன் தூக்கியதுதான் அதிகம். சீசனுக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து போடும்போது, பேரருவி இரைச்சலுக்கு நடுவே நிற்கிற கான்ஸ்டபிள் பேசுவது மறுமுனையில் மனுஷக் குரலாகக் கேட்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதனால் காற்றில் சேதி அனுப்புவதைப் பற்றி எனக்கு யாராவது பாடம் எடுத்தால் பொறுக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் என் மனைவியின் தம்பியைப் பற்றி நல்லதாக அதிகம் வராது.

அவன் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். ஒரு காலத்தில் புரோகிராம் எழுதினானாம். இப்போது மேனேஜர். அதாவது, புரோகிராம் எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு வைத்து எப்போது முடிப்பீர்கள் என்று கேட்கிற வேலை. வருஷா வருஷம் சாரல் விழுந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். காலையில் ஐந்தருவி, மதியம் பரோட்டா, சாயங்காலம் மறுபடி ஏதாவது ஒரு அருவி. இடைப்பட்ட நேரத்தில் எங்கள் வீட்டில் இருக்கிற பொருள் ஒவ்வொன்றையும் பார்த்து, இதைவிட நல்லது வந்துவிட்டது என்று சொல்வான். மிக்சியைச் சொல்லியிருக்கிறான், மெத்தையைச் சொல்லியிருக்கிறான். ஒரு தடவை நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷைச் சொன்னான்.

போன சீசனில் அவன் கண் லேப்டாப்பில் விழுந்தது.

அந்த லேப்டாப் என் மனைவியுடையது. கல்யாணத்தால் பாதியில் நின்ற படிப்பை அவள் ஐம்பது வயதுக்கு மேல் தபால் வழியில் தொடர்ந்து, டிகிரி வாங்கி, இப்போது எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் அதில்தான் வகுப்பு. அந்த வாரம் சனிக்கிழமை அவள் முறை. திருநெல்வேலி வட்டாரப் பேச்சில் உறவுப் பெயர்கள் என்று ஒரு கட்டுரை தயார் செய்து, அதற்குப் படங்களோடு ஸ்லைடும் செய்து வைத்திருந்தாள். பேராசிரியர்கள் முன்னால் திரையில் அதைக் காட்டிப் பேச வேண்டும். ஒரு மாதமாக வீட்டில் குழம்பு கொதிக்கும்போதுகூட அத்தான், மச்சான், மதினி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் மெதுவாகத்தான் ஓடும். அதில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் வராது என்று அடிக்கடி ஒரு பெட்டி எழும். நாங்கள் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

"என்ன அத்தான், ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வரலாம் போலிருக்கு. விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுருவோம்" என்றான்.

"அது எதுக்கு மாப்ளே? ஓடுதுல்லா?"

"ஓடுது. ஆனா யாரோ ஒரு கம்பெனிக்காரன் கையில சாவி இருக்கு. இது அப்படி இல்ல. இலவசம். வைரஸ் கிடையாது. சுதந்திரம் அத்தான், சுதந்திரம்."

அரைக்கால் டிராயரும் லினக்ஸ் சின்னமான பென்குயின் படம் போட்ட பனியனுமாக, தலையில் அருவிக்குத் தேய்த்த எண்ணெய் வழிய, எங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு அவன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினான். நாட்டுக்கு வாங்கிக் கொடுத்தவர்கள்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏலே, சனிக்கிழம எனக்குப் பேப்பர் இருக்கு. அதுல கைய வைக்காத."

"அக்கா, நீ சும்மா இரு. அரைமணி நேர வேலை."

அவர்கள் ஊருக்குப் போகிற நாள் அன்று. சாயங்காலம் ரயில். அதற்கு முன் பழைய குற்றாலத்தில் கடைசியாக ஒரு குளியல் போட வேண்டும் என்று பிள்ளைகள் வாசலில் வேனில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அவசரத்தில்தான் அவன் ஒரு பென்டிரைவைச் சொருகி, எதையோ தட்டி, பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினான். அக்காவின் ஸ்லைடை முதலில் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்தான். அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

புதிய திரை வந்தது. மலையும் ஏரியுமாக ஒரு படம். நன்றாகத்தான் இருந்தது. மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. செட்டிங்ஸைத் திறந்தால், வைஃபை அடாப்டர் எதுவும் காணவில்லை என்று ஒரு வரி.

"இது என்ன மாப்ளே?"

"ஒண்ணும் இல்ல அத்தான். வைஃபைய இயக்குத சின்ன சாப்ட்வேர், டிரைவர்னு பேரு, அதப் போடணும். ஒரே ஒரு கமாண்ட். அருவிக்குப் போயிட்டு வந்து போட்டுருதேன்."

போனான். குளித்தான். கூட்டம் அதிகமாம், மலைப்பாதையில் வண்டிகள் நின்றுவிட்டனவாம். வேன் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. பெட்டிகளை நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஜன்னல் கம்பி வழியாகச் சொன்னான்: "கவலைப்படாதிய அத்தான். ஊருக்குப் போனதும் ரிமோட்ல பாத்துத் தாரேன்."

சென்னையில் இருந்தபடியே ரிமோட்டில் பார்ப்பதற்கு இந்தப் பக்கம் இன்டர்நெட் வேண்டும் என்பது அந்த மேனேஜருக்கு விழுப்புரம் தாண்டுகிற வரை உறைக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை போனில் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமால்லா" என்றான்.

அப்புறம் வாட்ஸப்பில் அந்தப் புகழ்பெற்ற கமாண்டை அனுப்பினான். அது ஒன்று இல்லை, மூன்று வரி. என் கைபேசியில் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக லேப்டாப்பில் அடித்தேன். ஓர் இடைவெளியை விட்டுவிட்டால் திட்டியது. சரியாக அடித்தால், இணையத்தில் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. இன்டர்நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவர் வருவதற்கு இன்டர்நெட் வேண்டும். இப்படி ஒரு செட்டை எங்கள் டிபார்ட்மென்டில் எவனாவது கொண்டுவந்து வைத்திருந்தால் அவனையே அதோடு சேர்த்து மலைமேல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் அறையில் விட்டுவிட்டு வந்திருப்போம்.

"ரூட்டர்ல இருந்து லேன் வயரைச் சொருகுங்க அத்தான்."

"மாப்ளே, இது உங்க அக்காவுக்கு நீ பாத்து வாங்கிக் குடுத்த லேப்டாப்பு. மெலிசா இருக்குன்னு வாங்குன. இதுல லேன் வயர் சொருக ஓட்டையே கிடையாது."

"ஓ."

"உன் லேப்டாப்புல லினக்ஸ்ல வைஃபை எப்படி வந்துது? அதையாவது சொல்லு."

"என்னோடது கம்பெனி லேப்டாப் அத்தான். அதுல இதெல்லாம் போட விட மாட்டாங்க."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் நின்றேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சுதந்திரம் என்று அரைநாள் பேசியவன் தன் மடியில் அதை வைத்ததே இல்லை. கோபத்தைவிட எனக்கு ஒருவித நிம்மதிதான் வந்தது. இத்தனை வருஷமாக அவனைப் பற்றி நான் நினைத்துவந்தது சரிதான்.

என் மனைவி நடந்ததைக் கேட்டுவிட்டுத் தம்பியை ஒரு சொல் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "வயர்லெஸ்ல இருந்தேன், வயர்லெஸ்ல இருந்தேன்னு ஊரெல்லாம் சொல்லுதிய. ஒரு வைஃபையக் கொண்டுவர முடியலையா?"

"அது வேற, இது வேற."

"எல்லாம் காத்துல வாரதுதான?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

முதலில் பிராட்பேண்டு கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். அவர்கள் மேல் தப்பு இல்லை என்று தெரியும். ஆனாலும் யாராவது விஷயம் தெரிந்தவன் வருவானே என்று ஓர் ஆசை. வந்தவர் செருப்பைக் கழற்றாமலே ஹாலில் நின்றபடி தன் கைபேசியை எடுத்து, எங்கள் ரூட்டரோடு இணைத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார்.

"நெட்டு நல்லா வருது சார்."

"உங்க போன்ல வருது தம்பி. இந்த லேப்டாப்புல வரல."

அவர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். மலையும் ஏரியும் தெரிந்தன. செத்த பாம்பைப் பார்ப்பது மாதிரி அரை அடி பின்னால் போனார். "இது என்ன சார், வேற என்னமோ மாதிரி இருக்கு? இது எங்க வேலையில வராது." அவர் தெருமுனை திரும்புவதற்குள், என் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது.

அடுத்து, லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் ரத வீதியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏசியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். லினக்ஸ் என்றதும் இரண்டையும் கீழே வைத்தார்.

"யாரு அண்ணாச்சி இதப் போட்டுத் தந்தா?"

"மச்சினன்."

"மெட்ராஸா?"

"ஆமா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். இப்படி நிறையக் குடும்பங்களைப் பார்த்தவர் மாதிரி இருந்தது. "சீசன் முடிஞ்சா இப்படி ஒண்ணு ரெண்டு வரும். அழிச்சிட்டு விண்டோஸே போட்டுத் தாரேன். திங்கக்கிழம வாங்கிக்கிடுங்க."

"சனிக்கிழம வேணுமே."

"அப்ப புதுசு ஒண்ணு எடுத்துக்கிடுங்களேன். ஆபர் இருக்கு."

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். லினக்ஸுக்கு டிரைவரே கிடையாது என்று ஆணித்தரமாகச் சொன்னார். தெரியாது என்று சொல்லத் தெரிந்த மனிதன் ஒருவனைக்கூட அந்த வாரம் நான் பார்க்கவில்லை. லேப்டாப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் என் கைபேசியில் நானே தேட ஆரம்பித்தேன். உலகம் முழுக்க இதே லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதே இடத்தில் முட்டி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது முதலில் ஆறுதலாக இருந்தது. பதில்களைப் படித்ததும் அது போய்விட்டது. ஒருவன் கேட்கிறான்: வைஃபை வரவில்லை, என்ன செய்ய? அதற்கு ஒரு பெரிய மனிதர், கேட்பதற்கு முன் தேடிப் பார்த்தாயா என்கிறார். தேடித்தானய்யா இங்கே வந்து நிற்கிறோம். இன்னொருவர், நீ போட்ட லினக்ஸ் மட்டம், நான் வைத்திருக்கிற லினக்ஸைப் போடு என்கிறார். அதற்கு மூன்றாமவர் சண்டைக்கு வருகிறார். இருவரும் மாறி மாறிப் பக்கம் பக்கமாக ஏசிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டவன் அனாதையாக மேலே நிற்கிறான். கடைசியில் அவனே வந்து, சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். எப்படிச் சரியானது என்று ஒரு வரி இல்லை. அவனை மட்டும் என் கையில் கொடுத்திருந்தால் பழைய போலீஸ்காரனாக மாறியிருப்பேன்.

ஆனால் அந்தக் குப்பைக்குள்ளேயே ஒரு யோசனை கிடந்தது. கைபேசியை யுஎஸ்பி வயரால் லேப்டாப்போடு இணைத்து, கைபேசியின் இன்டர்நெட்டை வயர் வழியாகவே லேப்டாப்புக்குக் கொடுக்கலாமாம். அதை வைத்து டிரைவரை இறக்கிக்கொண்டால், அப்புறம் வயர் தேவையில்லை. வயர்லெஸ்ஸைக் கொண்டுவர முதலில் வயரைப் போடு. எளிமையாக இருந்தது. எவனும் இதை முதலில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை உட்கார்ந்தேன். பவர் பேங்கோடு வந்த வயர் ஒன்று மேஜையில் கிடந்தது. அதைச் சொருகினேன். கைபேசி சார்ஜ் ஏறியது. இன்டர்நெட் கொடுக்கிற பொத்தான் மங்கலாக இருந்தது, அழுத்தினால் அசையவில்லை. கழற்றி மாட்டினேன். கைபேசியை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மச்சினனைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று தானாக ஒரு சேதி வந்தது. மத்தியானம் வரைக்கும் அந்தப் பொத்தானோடு மல்லுக்கு நின்றேன்.

என் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தவள் மேஜையைப் பார்த்தாள். "அந்த ஒயரையா போட்டிருக்கிய? அது பேருக்குத்தான் ஒயரு. போன வாரம் நான் போட்டோ ஏத்துததுக்குச் சொருகிப் பாத்தேன், ஒண்ணும் போகல. சார்ஜ் மட்டுந்தான் ஏறும்."

"முன்னாடியே சொன்னா என்ன?"

"நீங்க கேட்டியளா?"

தன் போனோடு வந்த வயரை எடுத்துக் கொடுத்தாள். சொருகினேன். பொத்தான் உயிர் பெற்றது. அழுத்தியதும் லேப்டாப் மூலையில் ஓர் அடையாளம் முளைத்தது. வயர்களில் சிலதுக்கு உள்ளே சேதி போகிற கம்பியே கிடையாது என்பது, வாழ்நாள் முழுக்க வயரை உரித்துப் பார்த்த எனக்கு, உறவுப் பெயர் ஆராய்ச்சி செய்கிறவள் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகும்.

டிரைவர் இறங்கியது. நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அதுதான் தப்பு. திரும்பி வந்தால் அதே மலை, அதே ஏரி, அதே காலி மூலை. அடாப்டர் எதுவும் காணவில்லை.

தட்டைக் கழுவாமல் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கைபேசியில் தேடினேன். விஷயம் இதுதான். லேப்டாப்பில் ஒரு பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது. தெரியாத டிரைவரை அது உள்ளே விடாது. அணைத்துப் போட்டதும் ஒரு நீலத் திரை வரும். அதில் போய், இந்த டிரைவர் எனக்கு வேண்டப்பட்டவன், உள்ளே விடு என்று நாம் வைத்த பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். சில நொடிகளில் ஒரு பொத்தானை அழுத்தாவிட்டால் அந்தத் திரை கோபித்துக்கொண்டு போய்விடும், தானாக மறுபடி வராது. நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவன், சம்பந்தம் பேச வந்த வீட்டில் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிற ஜாதி. அந்தத் திரையைத் திரும்பக் கூப்பிட ஒரு கமாண்டைத் தேடிப் பிடித்து அடித்தேன். மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி அணைத்துப் போடுதல்.

இந்தத் தடவை இருவரும் உட்கார்ந்து திரையைப் பார்த்தோம். "வருது, வருது, அமுக்குங்க" என்று என் தோளில் தட்டினாள். அழுத்தினேன். நாலு கேள்வி கேட்டது. நாலுக்கும் பணிந்து பதில் சொன்னேன். மலையும் ஏரியும் வந்தன. மூலையில் விசிறி மாதிரி அந்தச் சின்ன அடையாளம் வந்தது. அமுக்கினால் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை வீட்டு வைஃபையும் வரிசையாக நின்றன. எங்கள் வீட்டுப் பெயரைத் தொட்டேன். இணைந்தது.

"வந்துட்டு" என்றேன்.

"வரட்டும். மொதல்ல அந்தத் தட்டக் கழுவி வைங்க" என்றாள். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சந்தோஷத்தில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். வந்துவிட்டது என்று மச்சினனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அரைமணி நேரத்தில் குடும்ப வாட்ஸப் குழுவில் அவன் எழுதியிருந்தான்: அத்தானை லினக்ஸுக்கு மாற்றியாச்சு, சென்னையில் இருந்தபடியே வைஃபை பிரச்சினையும் தீர்த்தாச்சு. கீழே சித்தப்பா, பெரியப்பா, துபாயில் இருக்கிற யார் யாரோ எல்லாம் கைதட்டிப் பூங்கொத்து போட்டிருந்தார்கள். ஒருவர் தன் கம்ப்யூட்டரையும் பார்க்கச் சொல்லித் தேதி கேட்டிருந்தார்.

நான் பதில் எழுத ஆரம்பித்தேன். கமாண்ட், ரயில், கம்பெனி லேப்டாப், எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதினேன். நல்ல தமிழ்தான். அனுப்பப் போகும்போது என் மனைவி போனை வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு அழித்தாள்.

"சனிக்கிழம வரைக்கும் எனக்கு ஒரு சண்டையும் வேண்டாம்."

சனிக்கிழமை அவள் நல்ல புடவை கட்டி, ஜன்னல் பக்கம் லேப்டாப்பை வைத்துப் பேசினாள். கேமராவில் விழாதபடி ரூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு இடிக்கும் ரூட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தேன். அது அசையவில்லை. அவளும் அசையவில்லை. செங்கோட்டைப் பக்கம் ஒரு மாதிரி, சங்கரன்கோவில் பக்கம் ஒரு மாதிரி என்று அவள் சொல்லச் சொல்ல, எங்கள் கல்யாணத்திலிருந்து இந்த நாள்வரை நான் அவள் குரலை அவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. முடிந்ததும் பேராசிரியர் நீளமாக ஏதோ பேசினார். மைக்கைப் போடவில்லை. மாணவர்கள் கத்திச் சொல்லி அவருக்குப் புரிவதற்குள் பாதி முடிந்துவிட்டது. கேட்ட மீதியில் மிக நன்று என்ற வார்த்தை இருந்தது.

லேப்டாப்பை மூடும்போது சொன்னேன். "அடுத்த சீசனுக்கு உன் தம்பி வரும்போது இதப் பீரோவுல வச்சுப் பூட்டிருதேன்."

"உங்களையும் சேத்துல்லா பூட்டணும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். சத்தமாக, நான் கேட்கவேண்டும் என்றே, அத்தான் என்று வருகிற ஒரு பழைய பாட்டைப் பாடினாள்.